செல்ஃப் அடிக்குது, வண்டி எடுக்கல

"அண்ணே, செல்ஃப் அடிக்குது, ஆனா வண்டி எடுக்க மாட்டேங்குது."

காலையில் ஆபீஸ் கிளம்பும் நேரத்தில் மெக்கானிக்குக்கு வரும் போன்களில் இதைவிடச் சுவையானது இல்லை என்பேன். பேட்டரி இறங்கிப்போன வண்டியில் ரசிக்க ஒன்றும் கிடையாது. சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரு சத்தம், அதோடு சரி; இன்னொரு வண்டியிலிருந்து கேபிள் போட்டால் கிளம்பிவிடும். செல்ஃப் நன்றாகச் சுற்றியும் எஞ்சின் பிடிக்கவில்லை என்றால்தான் மெக்கானிக்கின் தரம் தெரியும். பெட்ரோலா, கரண்டா, கம்ப்ரஷனா, டைமிங்கா, சென்சாரா, சாவியா, எலியா என்று சந்தேகப்பட ஏழெட்டு இடங்கள் இருக்கின்றன. எதில் முதலில் கை வைப்பது, அதைவிட முக்கியமாக எதில் கை வைக்காமல் இருப்பது என்று தெரிந்தவர் வேலை செய்வதைப் பக்கத்தில் நின்று பார்ப்பது எனக்குப் பெரிய சந்தோஷம்.

கீழ்க்கட்டளையில் அந்தச் சந்தோஷத்துக்குக் குறைவில்லை. மேடவாக்கம் மெயின் ரோடும் பல்லாவரம்–துரைப்பாக்கம் ரேடியல் ரோடும் சந்திக்கும் ஊர் இது. ஒரு பக்கம் மடிப்பாக்கம், ஒரு பக்கம் கோவிலம்பாக்கம், உள்ளே போனால் மூவரசம்பட்டு, நங்கநல்லூர். எல்லாப் பக்கமும் அடுக்குமாடி. ஒவ்வொன்றின் கீழேயும் ஒன்றன்பின் ஒன்றாக அடைத்து நிறுத்திய கார்கள். மெட்ரோ வேலை தொடங்கிய பிறகு ரோட்டில் வண்டி ஓட்டுவதே பெரும்பாடாகிவிட்டதால், வாரக் கடைசியில் மட்டும் வெளியே எடுக்கப்படும் கார்களும் நிறைய. இப்படி நின்றே பழகிய வண்டிகள்தான் ஒருநாள் திடீரென்று எடுக்க மாட்டேன் என்று அடம்பிடிக்கும். கிளைத் தெருக்களில் தகரக் கூரை போட்ட ஷெட்டுகளில் இருக்கும் மெக்கானிக்குகளுக்கு இந்த வண்டிகள் அத்துபடி.

நல்ல மெக்கானிக் அந்தப் போனை வைத்துவிட்டு உடனே டூல் பாக்ஸைத் தூக்குவதில்லை. முதலில் கேள்வி கேட்பார். "ஓடிக்கிட்டிருக்கும்போது நின்னுச்சா, நிறுத்தின எடத்துல எடுக்கலையா சார்?" ஓடும்போது நின்றது என்றால் ஒரு வழி, நிறுத்திய இடத்தில் எடுக்கவில்லை என்றால் வேறு வழி. "நேத்து பெட்ரோல் போட்டீங்களா?" போட்ட சிறிது தூரத்திலேயே நின்றிருந்தால் டேங்க்கில் தண்ணீர் கலந்திருக்கலாம். "வண்டி கழுவினீங்களா, மழையில நின்னுச்சா?" "யாராவது ஏற்கனவே கை வெச்சாங்களா? ஆடியோ, அலாரம் எதாவது மாட்டினீங்களா?" இந்தக் கடைசிக் கேள்விக்குப் பதில் சொல்லப் பலர் தயங்குவார்கள். சரியான பதில் கிடைத்தால் பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும்.

இன்னொரு கேள்வியும் உண்டு; அதை எங்கள் பக்கத்து மெக்கானிக் ஒருவர் வாயிலிருந்து முதன்முதலில் கேட்டபோது அந்த மனிதர்மேல் எனக்கு மரியாதையே கூடிப்போனது. "நேத்து ராத்திரி வண்டிய கொஞ்சமா நகர்த்தி நிறுத்தினீங்களா?" பின்னால் நிற்கும் வண்டிக்கு வழிவிடக் காரை ஸ்டார்ட் செய்து, பத்தடி நகர்த்தி, உடனே அணைத்துவிடுவது நம் அடுக்குமாடிகளில் தினசரி நடப்பது. குளிர்ந்த எஞ்சினுக்குக் கம்ப்யூட்டர் கூடுதல் பெட்ரோல் கொடுக்கும். எஞ்சின் சூடாகும் முன்னே அணைத்துவிட்டால் அந்தப் பெட்ரோல் எரியாமல் பிளக்கை நனைத்து அப்படியே நிற்கும். மறுநாள் காலை செல்ஃப் அடிக்கும், பிளக் பொறி விடாது. அவர் போனிலேயே சொன்னார்: "ஆக்சிலேட்டர முழுசா மிதிச்சுக்கிட்டு ஒரு பத்து செகண்டு செல்ஃப் அடிங்க." முழு மிதியோடு செல்ஃப் அடித்தால் பெரும்பாலான கார்களில் இன்ஜெக்டர் பெட்ரோலை நிறுத்திவிடும், வெறும் காற்று போய் பிளக்கை உலர்த்தும். இருமிக்கொண்டு வண்டி பிடித்தது. அவர் ஷெட்டைவிட்டு ஓரடிகூட நகரவில்லை.

செல்ஃப் சுற்றுகிறது என்ற தகவலே பெரிய விஷயம். பேட்டரி, தடித்த கேபிள், செல்ஃப் மோட்டார், அதன் பல் ஃப்ளைவீலில் மாட்டுவது ஆகிய அத்தனையும் ஓரளவு சரி என்று அது சொல்லிவிடுகிறது. கையால் ஹேண்டில் போட்டுச் சுற்றிய காலத்தில் இந்த வசதி இல்லை. சார்லஸ் கெட்டரிங் வடிவமைத்த மின்சார ஸ்டார்ட்டர் 1912ஆம் ஆண்டு காடிலாக் காரில் வந்த பிறகுதான் அந்த உழைப்புக்கு முடிவு வந்தது. நம் ஊருக்கும் அந்த வரலாற்றில் இடம் உண்டு: பாடியில் 1961இல் தொடங்கிய லூகாஸ்–டிவிஎஸ் தொழிற்சாலையின் செல்ஃப் மோட்டார்கள் இந்தியாவின் எத்தனையோ கார்களிலும் லாரிகளிலும் சுற்றியிருக்கின்றன. 'ஓரளவு சரி' என்று ஏன் சொன்னேன் என்றால், செல்ஃப் சுற்றுவதற்குப் போதுமான பேட்டரி, கம்ப்யூட்டருக்குப் போதாமல் போகலாம். ஓய்வில் 12.6 வோல்ட் காட்டும் பேட்டரி, செல்ஃப் அடிக்கும்போது 9.6க்குக் கீழே விழுந்தால் சந்தேகப்பட வேண்டும். அனுபவம் உள்ளவர் மீட்டரை வைத்தபடியேதான் பையனைச் சாவி போடச் சொல்வார்.

அடுத்தது காது. எனக்கு இந்தக் கலையில் மிகப் பிடித்த கட்டம் இதுதான்.

நல்ல எஞ்சினின் செல்ஃப் சத்தம் ஒரே சீராக இருக்காது. ஒவ்வொரு சிலிண்டராகக் காற்றை அழுத்தும்போது செல்ஃப் மோட்டார் கொஞ்சம் திணறும், அழுத்தம் தாண்டியதும் இலகுவாகும். 'ருவ்–ருவ்–ருவ்–ருவ்' என்று ஏறி இறங்கும். நான்கு சிலிண்டர் வண்டியில் இது நெருக்கமாக வரும், மாருதி 800 போன்ற மூன்று சிலிண்டர் வண்டியில் கொஞ்சம் இடைவெளி விட்டு வரும். ஒரு சிலிண்டரில் மட்டும் கம்ப்ரஷன் இல்லையென்றால் நாலு அடிக்கு ஒருமுறை சத்தம் நொண்டும். டைமிங் பெல்ட் அறுந்துபோயிருந்தால் ஏற்ற இறக்கமே இருக்காது. வால்வுகள் அசையாமல் நிற்பதால் காற்று முறையாக உள்ளே வந்து அடைபடுவதில்லை. எஞ்சின் எதிர்ப்பில்லாமல் 'விர்ர்ர்' என்று வழக்கத்தைவிட வேகமாகச் சுற்றும். வண்டிக்காரருக்கு அது நல்ல சத்தமாகத்தான் கேட்கும். "செல்ஃப் சூப்பரா அடிக்குது" என்பார். மெக்கானிக்கின் முகம் மாறும். "நிறுத்துங்க, நிறுத்துங்க" என்று கை காட்டுவார். பெல்ட் அறுந்த நிலையில் பிஸ்டன் போய் வால்வில் இடிக்கும் வகை எஞ்சின் என்றால், ஒவ்வொரு சுற்றுக்கும் சேதம் கூடும். ஆயிலை ஊற்றும் மூடியைத் திறந்து, செல்ஃப் அடிக்கச் சொல்லி, உள்ளே கேம் சுற்றுகிறதா என்று டார்ச் அடித்துப் பார்ப்பார். பல எஞ்சின்களில் இது தெரியும். ஒரு நட்டுகூடக் கழற்றாமல் எஞ்சினின் நடு வயிற்றை விசாரித்தாயிற்று.

இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நினைவுக்கு வருவது தாம்பரம் சானடோரியத்தில் இருக்கும் தேசிய சித்த மருத்துவ நிறுவனம்தான். சித்த மருத்துவத்தில் நோயறிய எண்வகைத் தேர்வு என்று ஒரு முறை உண்டு: நாடி, தொடுதல், நாக்கு, நிறம், மொழி, விழி, மலம், சிறுநீர். மருந்துப் பெட்டியைத் திறக்கும் முன் இந்த எட்டையும் பார்த்தாக வேண்டும். மெக்கானிக்கின் தேர்வும் அப்படியே நடக்கிறது. சத்தம் கேட்கிறார், சைலன்ஸர் வாயில் மூக்கை வைக்கிறார், கேபிளைத் தொட்டுச் சூடு பார்க்கிறார், பிளக்கின் நிறம் பார்க்கிறார், வண்டிக்காரரின் பேச்சைக் கேட்கிறார். எல்லாம் செலவில்லாத சோதனைகள். பணம் கேட்கும் சோதனை எதுவானாலும் அவற்றுக்குப் பிறகுதான்.

சைலன்ஸர் வாயில் மூக்கை வைப்பது சாதாரணச் செய்கை போலத் தோன்றும். நன்றாகச் செல்ஃப் அடித்தபின் அங்கே பெட்ரோல் வாடை தூக்கலாக அடித்தால், பெட்ரோல் உள்ளே போகிறது, எரியவில்லை என்று அர்த்தம். பொறியைத் தேட வேண்டும். வாடையே இல்லையென்றால் பெட்ரோல் வரவில்லை. பம்ப்பைத் தேட வேண்டும். பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் இதே உண்மை இன்னும் உறுதியாகும்: நனைந்த பிளக் ஒரு கதை சொல்லும், காய்ந்த பிளக் வேறு கதை. ஒரு சோதனை, சந்தேகப் பட்டியலில் பாதியை அடித்துவிடுகிறது. அடுத்த சோதனை மிச்சத்தில் பாதியை. இந்த வரிசையில்தான் இருக்கிறது அழகு.

பம்ப்பைத் தேடும் விதமும் ரசிக்கத்தக்கது. இன்ஜெக்டர் வைத்த கார்களில் பம்ப் டேங்க்குக்குள்ளேயே மூழ்கி இருக்கும். சாவியைச் செல்ஃப் அடிக்கும் நிலைக்குக் கொண்டுபோகாமல் 'ஆன்' வரை மட்டும் திருப்பினால், லைனில் அழுத்தம் ஏற்ற அது ஏறத்தாழ இரண்டு நொடி ஓடி நிற்கும். பின்சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு 'ம்ம்ம்' வரும். மேடவாக்கம் மெயின் ரோட்டு இரைச்சலில் அது காதில் விழாது. அதனால் பெட்ரோல் போடும் வாய் மூடியைக் கழற்றிவிட்டு, அதில் காதை வைத்துக்கொண்டு, "போடு" என்பார். 'ம்ம்ம்' கேட்டால் பம்ப்புக்குக் கரண்ட் வருகிறது, மோட்டாரும் சுற்றுகிறது. கேட்கவில்லை என்றால் முதலில் ஃபியூஸ், பிறகு ரிலே. பக்கத்திலேயே ஹார்னுக்கோ ஏசிக்கோ அதே அளவு ரிலே இருந்தால் அதைப் பிடுங்கி இதில் செருகிப் பார்ப்பார். செலவில்லை, அரை நிமிடம். அதற்கும் மசியவில்லை என்றால், டேங்க்கின் அடியில் ரப்பர் சுத்தியலால் லேசாக ஒரு தட்டு. தேய்ந்த மோட்டார் சில சமயம் அந்தத் தட்டுக்கு ஒருமுறை எழுந்து ஓடும். ஓடினால் வண்டியை ஷெட்டுக்குக் கொண்டுபோக அது போதும்.

பம்ப் சுற்றுவதாலேயே அழுத்தம் இருக்கிறது என்று நம்பிவிடக் கூடாது என்பது அடுத்த நுணுக்கம். பெரும்பாலான இன்ஜெக்டர் கார்களுக்கு மூன்று பார் அளவில் அழுத்தம் வேண்டும். கேஜ் இல்லாத ஷெட்டில், காற்று போகும் வழியில் கார்ப் கிளீனரைக் கொஞ்சம் அடித்துவிட்டுச் செல்ஃப் போடுவார்கள். ஒரு நொடி பிடித்து நின்றுவிட்டால், பொறியும் கம்ப்ரஷனும் சரி, பெட்ரோல்தான் இல்லை என்று தீர்ப்பு. இதை அளவறிந்து செய்ய வேண்டும். டப்பாவையே காலி செய்யும் அவசரக்காரர்களையும் பார்த்திருக்கிறேன். எஞ்சின் திருப்பித் தும்மினால் முகத்தில் தீ அடிக்கும்.

பழைய மெக்கானிக்குகளோடு பேசினால் பொறியைப் பற்றித்தான் அதிகம் பேசுவார்கள். அவர்கள் பழகியது அம்பாசிடரிலும் ஃபியட்டிலும் ஸ்டாண்டர்ட் ஹெரால்டிலும். ஹெரால்டு இந்தப் பக்கத்து வண்டி. பெருங்களத்தூர்–வண்டலூர் பகுதியில் ஜி.எஸ்.டி. ரோட்டோரம் இருந்த ஸ்டாண்டர்ட் மோட்டார் கம்பெனியின் கார். 1961இல் வந்தது. அந்தத் தொழிற்சாலை 1980களின் இறுதியில் மூடப்பட்டது. அந்தக் கார்களில் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றினால் எல்லாம் கண்ணுக்குத் தெரியும். பாயிண்ட் கருகியிருந்தால் எமரி பேப்பரால் ஒரு தேய்ப்பு, பிளேடு தடிமன் இடைவெளி வைத்து ஒரு திருகு, கண்டென்சர் மாற்றல், ரோட்டரில் விரிசல் பார்த்தல். பிளக்கைக் கழற்றி பாடியில் வைத்துச் செல்ஃப் அடித்தால் நீலப் பொறி 'சட்டு சட்டு' என்று அடிக்கும். சிவந்து மெலிந்த பொறி என்றால் காயில் பலவீனம். நீலத்துக்கும் சிவப்புக்கும் நடுவே எத்தனை நிறங்கள் இருக்கின்றன என்று அவர்களிடம் கேட்க வேண்டும்.

இன்று ஒவ்வொரு பிளக்குக்கும் தலையிலேயே ஒரு காயில். 20,000 வோல்ட்டுக்கு மேல் தூக்கும் அந்தக் கரண்டை, பழைய பழக்கத்தில் வயரைக் கழற்றிப் பிடித்துச் சோதித்தால் கம்ப்யூட்டரே கருகலாம். அதற்கென்று டெஸ்டர் வைத்துத்தான் பார்க்க வேண்டும். புதிய வண்டிகளில் பொறியும் பெட்ரோலும் ஒரே இடத்திலிருந்து உத்தரவு வாங்குகின்றன. அந்த இடத்துக்கு, எஞ்சின் சுற்றுகிறது என்ற செய்தியைச் சொல்வது கிராங்க் சென்சார் என்ற கட்டைவிரல் பருமன் உள்ள ஒரு பொருள். ஃப்ளைவீலின் பற்கள் முன்னால் கடக்கும்போது அது துடிப்பு அனுப்பும். துடிப்பு வரவில்லை என்றால், செல்ஃப் சுற்றிக்கொண்டே இருந்தாலும் கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை எஞ்சின் நின்றுகொண்டிருக்கிறது.

கத்திரி வெயிலில் ஒருநாள் பக்கத்து வீட்டுக்காரரின் பழைய சின்னக் கார் ரேடியல் ரோடு சிக்னல் அருகே நின்றுவிட்டது. ஏசி போட்டு, நெரிசலில் ஊர்ந்து வந்த வண்டி. அரைமணி கழித்துத் தானாகவே எடுக்கும், கொஞ்ச தூரம் போய் மறுபடி நிற்கும். ஏற்கனவே ஓரிடத்தில் பம்ப்பும் ஃபில்டரும் மாற்றியாகிவிட்டது. நம் மெக்கானிக் எக்ஸ்எல் வண்டியில் வந்து இறங்கினார். சாவி போடச் சொன்னார். எஞ்சின் விளக்கு எரிந்தது: கம்ப்யூட்டருக்குக் கரண்ட் இருக்கிறது. சாவிச் சின்னம் எரிந்து அணைந்தது: சாவியை வண்டி ஏற்றுக்கொண்டது. பின்பக்கம் 'ம்ம்ம்' கேட்டது. செல்ஃப் அடிக்கச் சொன்னார். சத்தம் சீராக ஏறி இறங்கியது: பெல்ட் நலம். அவர் கண் மட்டும் ஆர்.பி.எம். முள்ளின்மேல் இருந்தது. செல்ஃப் அடிக்கும்போது சாதாரணமாக அது இருநூறுக்கு அருகே சின்னதாக ஒரு துள்ளல் துள்ளும். முள் அசையவில்லை. சைலன்ஸர் வாயில் பெட்ரோல் வாடையும் இல்லை.

"பொறியும் போச்சு, பெட்ரோலும் போச்சு. ரெண்டும் ஒரே நேரத்துல தனித்தனியா கெட்டுப்போகாது சார்" என்றார்.

அந்த ஒரு வாக்கியத்துக்காகவே அவரை நான் கொண்டாடுவேன். இரண்டுக்கும் பொதுவான மேல்நிலைக் காரணம் எது என்று தேடிப் போனார். கியர்பாக்ஸும் எஞ்சினும் சேரும் இடத்தில் கையை விட்டு, சென்சாரின் சாக்கெட்டைக் கழற்றி, அதன் இரண்டு பின்களில் மீட்டர் முனைகளை வைத்தார். ஓப்பன், உள்ளே சுற்றியிருக்கும் மெல்லிய கம்பி எங்கோ தொடர்பற்றுக் கிடந்தது. பிறகு தண்ணீர் பாட்டிலின் மூடியில் ஆணியால் ஒரு துளை போட்டு, சென்சாரின்மேல் மட்டும் படும்படி மெல்லிய நூலாகத் தண்ணீர் விட்டார். சூடேறிய இரும்பில் மொத்தமாகக் கொட்டினால் விரிசல் விடும் என்பதால் அந்தக் கவனம். கொஞ்ச நேரத்தில் மீட்டரில் எண்கள் வந்தன. சூட்டில் விரிந்து விலகிய கம்பி, குளிர்ந்ததும் சேர்ந்துகொண்டது. சாக்கெட்டை மாட்டி, சாவி. ஒரே அடியில் பிடித்தது.

பக்கத்தில் நின்ற வயதான ஒருவர், "எங்க காலத்துலயும் இதேதான் பண்ணுவோம், ஈரத்துணி போடுவோம்" என்றார். அவர் சொன்னதும் உண்மை. அம்பாசிடரிலும் ஃபியட்டிலும் பெட்ரோல் பம்ப் எஞ்சின் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டிருக்கும். மெட்ராஸ் வெயிலில் அதற்குள் பெட்ரோல் ஆவியாகி அடைத்துக்கொள்ளும். ஈரத்துணியை அதன்மேல் சுற்றி, பத்து நிமிடம் காத்திருந்தால் வண்டி எடுக்கும். ஊர் அதே, வெயில் அதே, தண்ணீர் வைத்தியமும் அதே. காரணம்தான் முற்றிலும் வேறு. முன்பு பார்த்தவர் பழைய நினைவில் பம்ப்பை மாற்றிவிட்டார். இவர் முள்ளைப் பார்த்தார்.

ஸ்கேனர் வைத்திருந்தால் இவ்வளவு பாடு தேவையா என்று கேட்பவர்கள் உண்டு. 2013க்குப் பிறகு வந்த கார்களில் ஸ்டியரிங்குக்குக் கீழே அதற்கான சாக்கெட் இருக்கிறது. கையளவு ஸ்கேனரைச் செருகினால் கோட் வரும். வேண்டியதுதான், மறுக்கவில்லை. ஆனால் 'பி 0335' என்று வந்தால், கிராங்க் சென்சாரின் சர்க்யூட்டில் கோளாறு என்பதுதான் அதன் பொருள். சென்சார் கெட்டிருக்கலாம், வயர் அறுந்திருக்கலாம், சாக்கெட்டில் பச்சைக் களிம்பு பிடித்திருக்கலாம். கோட் தெருவைக் காட்டும். வீட்டை மெக்கானிக்தான் கண்டுபிடிக்க வேண்டும். எழுதியதை அப்படியே நம்பிப் பார்ட்ஸ் மாற்றுகிறவரைவிட, கையில் ஒரு டெஸ்ட் லாம்ப் மட்டும் வைத்துக்கொண்டு வயரை அங்குலம் அங்குலமாகத் தொடர்கிறவரை நான் நம்புவேன். மிகச் சிறந்தவர்கள் இரண்டையும் வைத்திருக்கிறார்கள். ஸ்கேனரில் கோட் பார்த்துவிட்டு நிற்காமல், செல்ஃப் அடிக்கும்போது ஆர்.பி.எம். எவ்வளவு காட்டுகிறது என்று ஓடும் எண்களைப் பார்ப்பார்கள். முள் இல்லாத டேஷ்போர்டுக்கும் அது முள் ஆகிவிடும்.

டீசல் வண்டிக்கு இந்தக் கதை கொஞ்சம் மாறும். பொறி என்ற அத்தியாயமே கிடையாது. காமன் ரெயில் வண்டியில், ரெயிலில் 200 பாருக்கு மேல் அழுத்தம் ஏறாவிட்டால் கம்ப்யூட்டர் இன்ஜெக்டரைத் திறக்காது. ஒரு வாஷர் கசிந்து லைனில் காற்று புகுந்தாலே போதும். ஃபில்டர் தலையில் இருக்கும் கைப்பம்ப்பை அழுத்திக் காற்றை வெளியேற்றி எடுக்கும் வண்டிகள் இன்னும் நம் பக்கம் ஏராளம்.

ஃபோர்டு கார்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. மறைமலை நகர் தொழிற்சாலையில் 2022இல் கடைசிக் கார் இறங்கிவிட்டது; ஆனால் ஜி.எஸ்.டி. ரோட்டைச் சுற்றிய ஊர்களில் அந்தக் கார்கள் நன்றாகவே ஓடிக்கொண்டிருக்கின்றன. விபத்தில் பெட்ரோலை நிறுத்துவதற்காக அவற்றில் பலவற்றில் ஒரு சுவிட்ச் உண்டு. பெரிய பள்ளத்தில் பலமாக விழுந்தாலும் அது சில சமயம் எகிறிவிடும். அதை அமுக்கினால் வண்டி எடுக்கும். இது தெரிந்த மெக்கானிக் கால் பக்கத்து பிளாஸ்டிக்கை விலக்கி ஒரு விரலால் வேலையை முடிப்பார். தெரியாதவர் டேங்க்கை இறக்குவார்.

மழைக்காலம் வந்தால் எலி. கீழ்க்கட்டளை ஏரி, நாராயணபுரம் ஏரி, அதற்கப்பால் பள்ளிக்கரணைச் சதுப்பு என்று தண்ணீர் சூழ்ந்த பகுதி இது. வளைகளில் தண்ணீர் ஏறினால் எலிகளுக்குக் காய்ந்த, கதகதப்பான இடம் தேவை. இரவு நிறுத்திய எஞ்சினைவிட நல்ல இடம் அவற்றுக்குக் கிடைக்காது. புகையிலைப் பொட்டலம் கட்டித் தொங்கவிட்டும் வருகின்றன. பானெட்டைத் திறந்ததும் புழுக்கை, பிய்த்துப்போட்ட பஞ்சு, பாதி தின்ற தேங்காய்ச் சில் எதுவாவது கண்ணில் பட்டால் மெக்கானிக் ஸ்கேனரை உள்ளே வைத்துவிட்டு டார்ச்சை எடுப்பார். இன்ஜெக்டர் வயரை விரலால் நீவிக்கொண்டே போவார். பிளாஸ்டிக் உறை முழுதாக இருக்கும்; அடிப்பக்கம், கண்ணுக்குத் தெரியாத இடத்தில், ஒரு கடி. விரல்தான் அதைக் கண்டுபிடிக்கும்.

வெள்ளம் வேறு விஷயம். 2015 டிசம்பர் 2ஆம் தேதி காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை. முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கின. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது பள்ளிக்கரணையில் குடியிருப்பு வளாகத்திலிருந்து கார்கள் மிதந்துபோனதை நாடே டிவியில் பார்த்தது. 2024 அக்டோபரில் மழை எச்சரிக்கை வந்தவுடனேயே வேளச்சேரி மேம்பாலத்தில் கார்கள் வரிசைகட்டி நின்றன. அந்த நாட்களில் மெக்கானிக்கின் வாயிலிருந்து வரும் முதல் சொல், "சாவியத் தொடாதீங்க." எடுக்காத வண்டியில் செல்ஃப் அடித்துப் பார்ப்பதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். தண்ணீர் புகுந்த வண்டியில் அதுவே எமன். கணக்கு எளிது: 1,200 சி.சி., நான்கு சிலிண்டர், பத்துக்கு ஒன்று என்ற கம்ப்ரஷன் விகிதம் உள்ள எஞ்சினில், பிஸ்டன் உச்சிக்குப் போனபின் மேலே மிஞ்சும் இடம் சிலிண்டருக்கு ஏறத்தாழ 33 மில்லி. காற்று அதற்குள் ஒடுங்கும், தண்ணீர் ஒடுங்காது. அதற்கு மேல் கொஞ்சம் தண்ணீர் இருந்தாலும் பிஸ்டன் முட்டிக்கொண்டு நிற்கும். செல்ஃப் அடித்தால் முட்டும், ஒருவேளை அந்த வேகத்தில் எஞ்சின் பிடித்துவிட்டால் கனெக்டிங் ராடு வளைந்தே போகும்.

அறிந்தவர் பேட்டரி முனையைக் கழற்றிவிடுவார். ஏர் ஃபில்டரைத் திறந்து விரலால் தொட்டுப் பார்ப்பார். காய்ந்திருந்தால் நிம்மதிப் பெருமூச்சு. ஈரமாக இருந்தால் ஆயில் குச்சியை இழுப்பார்; ஆயில் மோர் நிறத்தில் இருந்தால் அதையும் இறக்கியாக வேண்டும். நான்கு பிளக்கையும் கழற்றி, காயில், சாக்கெட் எல்லாம் உலர்த்தி, எஞ்சினை முதலில் ஸ்பேனரால் கையாலேயே சுற்றுவார். எங்கும் இடிக்காமல் சுற்றினால் அப்புறம்தான் பேட்டரியை மாட்டி ஒரு செல்ஃப். பிளக் துளைகளிலிருந்து தண்ணீர் பீய்ச்சும். ஒதுங்கி நிற்கச் சொல்வார். இந்த வரிசையில் ஒரு படியைத் தாண்டியவர்களுக்கு எஞ்சின் பிரித்த பில் வந்தது.

பில் என்றதும் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. ஆயிரக்கணக்கில் பம்ப் மாற்றினால் யோசிக்காமல் கொடுக்கிறோம். ஒரு மணி நேரம் தேடி, பத்து ரூபாய் ஃபியூஸ்தான் காரணம் என்று கண்டுபிடித்தவருக்கு நூறு ரூபாய் நீட்டுகிறோம். "சும்மா ஃபியூஸ்தானே மாத்தினாரு" என்கிறோம். புதுப்பேட்டையிலும் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டிலும் பார்ட்ஸுக்கு விலை உண்டு. கண்டுபிடிப்புக்கு விலைப்பட்டியல் கிடையாது. விளைவு, தெரிந்தவரும் தெரியாதவரைப் போலப் பார்ட்ஸ் மாற்றினால்தான் பிழைக்க முடியும் என்ற நிலை. நல்ல கைகள் இந்தத் தொழிலில் தங்க வேண்டுமானால் இது மாறியாக வேண்டும்.

பக்கத்து வீட்டுக்காரரின் சென்சார் விவகாரத்தில், பொருள் விலை போக, தேடிய நேரத்துக்கென்று தனியாகச் சொல்லுங்கள் என்று கேட்டோம். "அதெல்லாம் எதுக்கு சார்" என்று முதலில் மறுத்தார். விடாமல் கேட்டதும், அட்டைப் பில் புத்தகத்தில் சென்சார் வரிக்குக் கீழே, 'ஃபால்ட் பார்த்தது' என்று எழுதி, பேனாவைக் கொஞ்ச நேரம் நிறுத்தி யோசித்து, 500 என்று போட்டார். இப்போது மற்றவர்களுக்கும் அந்த வரியைப் போடுகிறார் என்று கேள்விப்படுகிறேன். கொடுக்கத் தயங்குபவர்களும் இருக்கிறார்களாம். பெரும்பாலானவர்கள் கொடுத்துவிடுகிறார்களாம்.